ஒரு தாள் கனம்

என் தாத்தாவிடம் லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய் வழியே மருந்து கெட்டிக்கிற பழைய வகை. மம்சாபுரத்துக்கு மேற்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம். காட்டுப்பன்றி வரும். துப்பாக்கியின் வேலை பெரும்பாலும் சத்தம் போடுவதுதான். தேர்தல் அறிவித்தால் அதைத் துணியில் சுற்றி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். முடிந்ததும் போய் வாங்கி வருவார்.

ஒருநாள் ஈயக் குண்டைக் குழலுக்குள் போட்டுப் பார்த்தேன். லொடலொடவென்று உருண்டது.

"என்ன தாத்தா, இவ்வளவு லூஸா இருக்கு?"

"இருக்கணும்யா. இறுக்கமா இருந்தா உள்ள போகாது. கரி படிஞ்சா நடுவுலயே நின்னுக்கிடும்."

"அப்ப எப்படி நேரா போகும்?"

பதில் சொல்லாமல் தேங்காய் நாரைக் கையில் எடுத்துக் காட்டினார். மருந்துக்கு மேலே வைத்து அடைக்கிற நார். இடைவெளியை விட்டுவிட்டு, அப்புறம் அதை அடைக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் போன வருடம்தான் திரும்ப ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் இருந்து எங்கள் டீமில் வேலை பார்க்கும் ஒருவர், ஓய்வு நேரத்தில் இலக்குச் சுடுதல் போட்டிகளுக்குப் போகிறவர், மீட்டிங் தொடங்குவதற்கு முன் புலம்பினார். தன் தோட்டாக்களைத் தானே நிரப்புகிறவர் அவர். நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. அங்கே அது பலருக்கும் பொழுதுபோக்கு. புதுக் குழலுக்கு அளவு கொடுக்க வேண்டும், 'கழுத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது' என்பதில் ரெண்டு வாரமாகத் தூக்கம் போய்விட்டது என்றார். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு கோட் எழுதப் போனவன். கிளியரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் காது நிமிர்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். ரைஃபிள் தோட்டா பித்தளைக் கூடு. அதன் மேல்பகுதி ஒடுங்கி, பாட்டில் கழுத்து மாதிரி குண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தத் தோட்டா போய் உட்காரும் அறைக்கும் அதே வடிவம். சுடும்போது வாயு அழுத்தத்தில் பித்தளைக் கழுத்து விரிந்து குண்டை விட வேண்டும். விரிய இடம் வேண்டும். குண்டின் விட்டம் 0.308 அங்குலம், பித்தளையின் கனம் பக்கத்துக்கு 0.014 என்றால், நிரப்பிய தோட்டாவின் கழுத்து 0.336. அறையின் கழுத்து 0.340 என்றால் மீதி 0.004 அங்குலம். அதாவது 0.1 மில்லிமீட்டர். நாம் ஜெராக்ஸ் எடுக்கிற ஒரு தாளின் கனம்.

இந்த ஒரு தாளை இரண்டாக்கினால் என்ன, பாதியாக்கினால் என்ன? கூட்டினால் தோட்டா எப்போதும் தடங்கலின்றி உள்ளே போகும். ஆனால் ஒவ்வொரு முறையும் பித்தளை அதிகமாக விரியும். திரும்ப ஒடுக்கி நிரப்ப நிரப்ப அது விறைத்துப்போய்ச் சீக்கிரமே வெடிப்பு விடும். குண்டும் மையத்தில் நிற்காமல் போகலாம். குறைத்தால் நேர்த்தி கூடும், கூடும் நீடித்து உழைக்கும். அதற்காக ஒரேயடியாகக் குறைத்தால், கொஞ்சம் தடித்த பித்தளை வந்தாலோ, கரியோ தூசியோ ஒட்டினாலோ, கழுத்து விரிய இடமில்லாமல் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் எகிறும். அது ஆபத்து.

அப்படியானால் சரியான அளவுதான் எது? அதைத் தேடித்தான் வரலாற்றுக்குள் போனேன்.

*

பாளையக்காரர்களை எதிர்த்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளின் கையில் இருந்தது 'பிரவுன் பெஸ்' வகை மஸ்கட். எங்களுக்குத் தெற்கே நெற்கட்டும்செவல், இன்னும் தள்ளி பாஞ்சாலங்குறிச்சி என்று இந்தப் பக்கத்துக் கோட்டைகள் பலவும் அதன் சத்தத்தைக் கேட்டவை. அதன் குழல் விட்டம் 0.75 அங்குலம். குண்டு சுமார் 0.69. இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர். நம் கணக்கில் பதினைந்து தாள். நூறு கெஜத்துக்கு அப்பால் குறி என்பது பேருக்குத்தான். கருமருந்து ஒவ்வொரு வெடிக்கும் குழலில் கரி விடும். அதையும் மீறி நிமிடத்துக்கு மூன்று முறை கெட்டிக்க வேண்டும். அதற்காகத்தான் பதினைந்து தாள். குறி தப்பினாலும் பரவாயில்லை, குண்டு சிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள்.

1853இல் வந்த என்ஃபீல்டு இந்தக் கணக்கை மாற்றியது. குழல் 0.577, குண்டு 0.568. இடைவெளி இரண்டு தாளுக்குக் கொஞ்சம் மேல். குண்டின் அடிப்பக்கம் குழிவு. வெடித்ததும் அது விரிந்து குழலின் வரிகளைப் பிடிக்கும், சுழன்றபடி வெகுதூரம் நேராகப் போகும். ஆனால் இவ்வளவு இறுக்கமான குண்டை, காகிதம் சுற்றி, வாய் வழியாக இறக்க வேண்டுமென்றால் வழுக்கல் வேண்டும். அதனால் காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள்.

1857 என்றதும் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும். எதற்காகக் கொழுப்பு என்று யாரும் சொல்லித்தரவில்லை. கிளர்ச்சிக்கு 1856இல் அவத் பறிக்கப்பட்டது முதல் சம்பளப் பிரச்சினை வரை காரணங்கள் பல. இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்னால் அது இன்ஜினியர் திமிர். ஆனால் அந்தக் கொழுப்பு தோட்டாவுக்குள் வந்த வழி இந்த இடைவெளிதான். இங்கிலாந்தில் உட்கார்ந்து இடைவெளியைக் குறைத்தவர்கள், தோட்டாவைப் பல்லால் கடிக்கப்போவது யார் என்று யோசிக்கவில்லை. கிளர்ச்சிக் கால அனுபவத்துக்குப் பிறகு குண்டு 0.55க்குச் சிறுத்தது, இடைவெளி ஏழு தாள் அளவுக்குப் போனது. கொழுப்பின் இடத்துக்குத் தேன்மெழுகு வந்தது.

*

அடுத்தது நம் எல்லோருக்கும் தெரிந்த 'த்ரீ நாட் த்ரீ'. சமீப காலம் வரை போலீஸ்காரர் தோளில் பார்த்த அதே ரைஃபிள். அதன் தோட்டாவுக்கான மருந்துக்காகத்தான் நீலகிரியின் அரவங்காட்டில் 1900களின் தொடக்கத்தில் கார்டைட் ஆலை எழுந்தது. கார்டைட் பொடி இல்லை. சேமியா மாதிரி நீளநீளக் குச்சி. ஒடுங்கிய கழுத்து வழியாக அந்தக் கட்டை உள்ளே நுழைக்க முடியாது. ஆகவே முதலில் கூட்டை நேராக வைத்து குச்சிகளைச் செருகி, அதற்குப் பிறகுதான் கழுத்தையே ஒடுக்கினார்கள். இப்படிப் பல ஆலைகளில், பல கைகளில், லட்சக்கணக்கில் உருவாகும் தோட்டாக்கள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. அதனால் லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் அறையைத் தாராளமாகக் குடைந்தார்கள். எந்தத் தோட்டா வந்தாலும், சேறோடு வந்தாலும், உட்கார வேண்டும்.

கனடா வேறு வழி எடுத்தது. அவர்களின் ராஸ் ரைஃபிள் அருமையான குறி கொண்டது, அறை இறுக்கம். கனடாவிலேயே கவனமாகச் செய்த தோட்டாவுக்குப் பொருந்தியது. 1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்தின் ஈப்ர. ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். சேறு, புகை, கையில் கிடைத்த பிரிட்டிஷ் தோட்டா. ராஸ் சூடேறி இறுகிக்கொண்டது. போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. உயிர்தப்பிய சுமார் 5,000 கனடியர்களில் 1,452 பேர் ராஸை எறிந்துவிட்டு, செத்துக் கிடந்தவர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலே நாளில், ஏப்ரல் 26 அன்று, அதே களத்தில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் தாக்குதலில் இறங்கியது. அவர்கள் கையில் இருந்தது அந்த 'லூஸான' லீ-என்ஃபீல்டு.

பிறகு ராஸின் அறைகளைப் பெரிதாகக் குடைந்தார்கள். 1916இல் படையணிகளிடமிருந்து திரும்பப் பெற்றார்கள். ஆனால் மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பர்கள் மட்டும் ராஸை விடவில்லை. ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பெகமகாபோ, அந்தப் போரின் பேர்பெற்ற ஸ்னைப்பர், சுட்டது ராஸில்தான். ஸ்னைப்பர் ஒவ்வொரு தோட்டாவையும் பார்த்துப் பொறுக்குவார், துடைப்பார், காத்திருப்பார். அகழியில் நிற்கிற சாதாரணச் சிப்பாய்க்கு எதுவும் கையில் இல்லை. ரைஃபிள் அதேதான். ஒருவருக்கு வரம், இன்னொருவருக்கு எமன்.

*

நண்பருக்கு இதையெல்லாம் எழுதினேன். சரியான இடைவெளி என்று ஒரு எண் தனியாகக் கிடையாது. உன் பித்தளை உன் கட்டுப்பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அந்த எண் என்றேன். ஒவ்வொரு கழுத்தையும் கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து, சுத்தமான மேஜையில் சுடுகிறவர் என்றால் அரைத் தாளுக்கும் கீழே போகலாம். கடையில் வாங்கிய பித்தளையோடு மழையிலும் காட்டிலும் அலைகிறவர் என்றால் ஒரு தாள், அதற்கு மேலும் விட வேண்டும். எந்த அளவானாலும் முதலில் தடிமனான கூட்டை அளந்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவர் ஒரு தாளுக்கே ஆர்டர் கொடுத்தார். "நான் போட்டிக்குப் போறவன்தான், ஆனா சோம்பேறி" என்றார். நேர்மையான பதில்.

தாத்தா போன பிறகு துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டோம். லைசென்ஸை யாரும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளவில்லை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது தோட்டத்து மோட்டார் அறையில் ஒரு தகர டப்பா கிடந்தது. திறந்தால் உள்ளே நாலைந்து ஈயக் குண்டு, ஒரு கைப்பிடி தேங்காய் நார். நார் மக்கியிருந்தது. குண்டுகள் டப்பாவுக்குள் லொடலொடவென்று உருண்டன.