யாருடைய பாவம்? – கத்தோலிக்கத் தாய்மாரின் மனச்சாட்சி குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அம்மா கோயிலில்தான் இருப்பாள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முக்காடு போட்ட பெண்கள் வரிசையாக முழந்தாளிட்டிருப்பார்கள். ஆண்கள் பக்கம் இரண்டு மூன்று கிழவர்கள் மட்டும். 1974இல் நான் புதுநன்மை வாங்கிய வருடம், இந்த வரிசை எனக்குப் பெரிய புதிராக இருந்தது. விடியுமுன் எழுந்து, மீன் விற்று, சோறாக்கி, ஐந்து பிள்ளைகளைக் கவனித்துவிட்டுப் படுக்கிற ஒருத்தி வாரா வாரம் பாவம் செய்வது எப்படி? கேட்டேவிட்டேன். அம்மா சொன்ன பதில் இது:

"நான் என்னத்தப் பாவஞ் செய்யப் போறேன், நேரம் எங்க இருக்கு? ஒங்கப்பா குடிச்சிட்டு வாறாரு. ஒங்கண்ணன் பூசைக்குப் போவல. நீ செபம் சொல்லாமத் தூங்கிப்போற. இதையெல்லாம் யாரு போய்ச் சொல்லுவா? நாந்தானட்டி சொல்லணும்."

இந்தப் பதிலைப் பல வருடங்கள் வெகுளித்தனம் என்றே நினைத்திருந்தேன். தன் பாவத்தைச் சொல்லும் இடத்தில் குடும்பத்தின் பாவத்தைச் சொல்கிறாளே என்று சிரித்ததும் உண்டு. அவள் சொன்னது ஒரு நீண்ட வரலாற்றின் துல்லியமான சுருக்கம் என்று இப்போது தோன்றுகிறது. தாயின் குற்றவுணர்வைப் பெற்ற வயிற்றின் இயல்பு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இயல்பு என்று சொல்லப்படும் எதையும் போலவே இதற்கும் வருடங்கள் உண்டு, சட்டங்கள் உண்டு, அச்சடித்த புத்தகங்களும் உண்டு.

2

1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், விவரம் தெரிந்த வயதுடைய ஒவ்வொரு கத்தோலிக்கரும் வருடத்துக்கு ஒருமுறையாவது தன் குருவிடம் பாவங்களைச் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டது. 1551இல் திரிதெந்தின் சங்கம் இன்னும் இறுக்கியது: சாவான பாவங்களை வகை, எண்ணிக்கை, சூழ்நிலையோடு சொல்ல வேண்டும். 1577இல் மிலான் பேராயர் கார்லோ பொரொமேயோ வெளியிட்ட கோயில் கட்டட விதிகள் குருவுக்கும் பெண்ணுக்கும் நடுவே கம்பித் தட்டி வைத்த தொட்டியை வற்புறுத்தின. முகத்தை மறைத்து, குரலை மட்டும் அனுமதிக்கும் மரச்சாமான் அது.

அது நம் கரைக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 1535-37இல் முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அடிகள் தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 1580இல் கொச்சியில் 'கொம்பெசியனாயரு', அதாவது பாவசங்கீர்த்தனக் கையேடு, அச்சேறியது. தமிழ் அச்சின் வரலாற்றைப் பெருமையோடு எழுதுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தமிழில் அச்சு வந்து மூன்றாம் வருடத்தில், மனிதர்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரிக்கும் புத்தகம் வந்துவிட்டது.

போர்த்துக்கீசியச் சொல்லாகவே வந்த 'கொம்பெசியன்' பிறகு வடமொழி உடுத்திப் 'பாவசங்கீர்த்தனம்' ஆனது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1973இல் சடங்கு திருத்தப்பட்டு, இன்று 'ஒப்புரவு' என்று வழங்குகிறது. குறளில் ஒப்புரவறிதல் என்பது ஊருக்குக் கொடுத்து வாழ்வது. அந்தச் சொல்லைப் பாவ மன்னிப்புக்கு எடுத்தவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் எடுத்திருப்பார்கள். ஆனால் பெயர் இரண்டு முறை மாறியும் கேள்விகளின் அடுக்கு மாறவில்லை.

அந்த அடுக்கு பத்துக் கட்டளைகளின் வரிசையில் போகும். நான்காம் கட்டளை தாய் தகப்பனை மதிக்கச் சொல்வது. கையேடுகளிலும் ஞானோபதேசத்திலும் அது தலைகீழாகவும் விரியும்: பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தாயா, பூசைக்கு அனுப்பினாயா, கண்டித்தாயா. எழுத்தில் இது பெற்றோர் இருவருக்கும் பொது. கடலுக்குப் போனவனிடம் இதை யார் கேட்பது? வீட்டில் இருந்தவளிடம் கேட்டார்கள். 1910இல் பத்தாம் பத்திநாதர் ஏழு வயதளவிலேயே பிள்ளைகளுக்கு நன்மை கொடுக்கலாம் என்று ஆணையிட்டபோது, ஏழு வயதுப் பிள்ளையின் மனச்சாட்சியைத் தயார் செய்யும் வேலையும் தாயின் அன்றாடக் கடமைகளில் சேர்ந்தது.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. செய்த பாவத்துக்கு எண்ணிக்கை உண்டு. ஒரு பொய், இரண்டு கோபம் என்று விரல்விட்டு முடித்துவிடலாம். செய்யாமல் விட்டதற்கு எண்ணிக்கை கிடையாது. சங்கத்துக்குப் பின் 1970இல் வந்த புதிய பூசைப் புத்தகத்தில், பூசையின் தொடக்கத்தில் எல்லோரும் சொல்லும் பாவ ஒப்புதலில் நினைவு, சொல், செயல் என்ற பழைய மூன்றோடு 'கடமையில் தவறியது' என்பதும் நான்காவதாகச் சேர்ந்தது. அதைச் சேர்த்தவர்கள் சமூக அநீதியைக் கண்டும் காணாமல் போகிறவர்களை நினைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டவள் அம்மா. விட்டது என்ன என்ற கேள்விக்குத் தாயிடம் முடிவான பதில் எப்போதும் இருக்காது.

பூக்கோ 1976இல் வந்த தன் 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில், தன்னைப் பற்றிய உண்மையைப் பேசவைப்பதன் மூலம் தன்னிலையைக் கட்டமைக்கும் தொழில்நுட்பமாக ஒப்புதலைக் காட்டினார். 2018இல் வெளியான நான்காம் தொகுதி அதை ஆதித் திருச்சபை வரை கொண்டுபோகிறது. அவருடைய சொல்லாடலில் ஒப்புதல் செய்கிற 'நான்' ஒற்றை ஆள். அம்மாவின் 'நான்' ஏழு பேர். மற்றவர்களின் உண்மையைத் தன் குற்றமாகப் பேசும்போதுதான் அவள் தன்னிலை பெறுகிறாள். புனித அகுஸ்தினார் தன் 'ஒப்புதல்கள்' நூலில் பாவத்தைத் தனதாக்கிக்கொண்டார், கண்ணீரைத் தாய் மோனிக்காளுக்குக் கொடுத்தார். அந்தக் கண்ணீர்தான் தாய்மாருக்கு முன்மாதிரியாக வைக்கப்பட்டது.

3

எனக்கு முன்னால் பிறந்த ஒரு அக்காவுக்குப் பெயர் கிடையாது. 1964இல் பிறந்து நாலாம் நாள் இறந்துபோனாள். ஞானஸ்நானம் ஆகவில்லை. அப்பா தங்கல் தொழிலுக்குப் போயிருந்தார். அவர் வந்த பிறகுதான் ஞானஸ்நானம், தாய்மாமன் வர வேண்டும், விருந்து வைக்க வேண்டும் என்று அவர் வீட்டார் தள்ளிப்போட்டார்கள். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். மருத்துவச்சிகளுக்கே அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று விடியற்காலம் அம்மா அசந்து தூங்கிவிட்டாள். விழித்தபோது பிள்ளை குளிர்ந்திருந்தது.

அப்போது நடப்பில் இருந்தது 1917ஆம் வருடத் திருச்சபைச் சட்டம். ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அதன் 1239ஆம் விதிப்படி திருச்சபை அடக்கம் கிடையாது. பிள்ளையை மந்திரித்த கல்லறைக்கு வெளியே உடைமரங்களுக்கு நடுவே புதைத்தார்கள். ஆத்துமம் எங்கே போகும்? நரகத்துக்குப் போகாது, மோட்சத்துக்கும் போகாது, 'லிம்போ' என்றார்கள். வேதனை இல்லாத இடம், ஆனால் தேவதரிசனம் கிடைக்காத இடம். அம்மா மோட்சத்துக்குப் போனாலும் அந்தப் பிள்ளையைப் பார்க்க முடியாது என்று இதற்குப் பொருள்.

பேறுகாலம் முடிந்து கோயிலுக்கு வரும் தாய்க்கென்று தனிச் சடங்கு ஒன்று இருந்தது. 1614ஆம் வருட உரோமைச் சடங்கு நூலின்படி, அவள் எரியும் திரியோடு கோயில் வாசலுக்கு வெளியே முழந்தாளிட்டிருப்பாள். குரு வந்து தம் தோள்பட்டையின் நுனியைப் பிடிக்கக் கொடுத்து உள்ளே அழைத்துப்போவார். நன்றி செலுத்தும் சடங்கு என்பதுதான் திருச்சபையின் விளக்கம். ஆனால் தீட்டுக் கழிக்கிற ஊரில் அதைத் தீட்டுக் கழிப்பாகத்தானே புரிந்துகொள்ள முடியும்? 1969இல் புதிய ஞானஸ்நானச் சடங்கு வந்தபோது தாய்க்கான ஆசீர் அதற்குள் சேர்ந்தது. 1964இல் அம்மா வெறுங்கையோடு அந்த வாசலில் முழந்தாளிட்டிருந்தாள்.

தள்ளிப்போட்டது அப்பா வீட்டார். ஆனால் தொட்டியில் "தூங்கிட்டேன் சாமி" என்று சொன்னவள் அம்மா. ஒருமுறை மன்னித்த பாவத்தைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று ஒவ்வொரு சாமியாரும் சொல்லியிருக்கிறார். அவள் ஒவ்வொரு நவம்பரிலும் சொன்னாள்.

4

1968 ஜூலை 25 தேதியிட்ட 'மனித உயிர்' சுற்றுமடலில் ஆறாம் சின்னப்பர், கருத்தடை மாத்திரையையும் கருத்தடை அறுவையையும் விலக்கினார். இதைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழுவின் பெரும்பான்மையினர் 1966இல் மாற்றத்துக்கு ஆதரவாகக் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அது ஏற்கப்படவில்லை. அதே வருடம் செப்டம்பரில் கனடா ஆயர்கள் வின்னிப்பெக்கில் கூடி, முயன்றும் இந்தப் போதனையைப் பின்பற்ற முடியாமல் நேர்மையான மனச்சாட்சியோடு வேறு வழி எடுப்பவர்களைக் கடவுளின் அன்பிலிருந்து விலக்கப்பட்டவர்களாகக் கருத வேண்டாம் என்ற பொருளில் அறிக்கை விட்டார்கள். எங்கள் கோயில் பிரசங்கத்தில் முன்னது வந்தது, பின்னது வரவில்லை. மனச்சாட்சிக்குக்கூடப் பூகோளம் உண்டு.

மறுபக்கம் அரசு. 1952இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் நெருக்கடி நிலையின்போது வேட்டையாக மாறியது. 1976-77இல் மட்டும் நாடு முழுக்கச் சுமார் 82 லட்சம் அறுவைகள். அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. ஆண்களைத் தொட்டால் ஆட்சி போகும் என்ற பாடத்தை அரசு கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு கத்தி பெண் பக்கம் திரும்பியது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். திருச்சபையின் பார்வையில் இது சாவான பாவம் என்றால், ஏறக்குறைய அத்தனையையும் சுமப்பவர்கள் பெண்கள் என்று ஆகிறது.

1978இல், ஐந்தாவது பிள்ளைக்குப் பின், அம்மா அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேசன் செய்துகொண்டாள். முடிவு அப்பாவுடையதும்தான். படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் அவரே. அம்மா தொட்டிக்குப் போய்ச் சொன்னாள். "மனஸ்தாபப்படுறியா?" என்று சாமியார் கேட்டிருக்கிறார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இன்னொரு பிள்ள பெத்தா செத்திருவேன் சாமி" என்றாளாம். மனஸ்தாபம் இல்லாத இடத்தில் மன்னிப்பு இல்லை. மன்னிப்பு இல்லாமல் நன்மை வாங்கினால் தேவதுரோகம். ஆறு வருடங்கள், ஊரே எழுந்து நன்மை வாங்கப் போகும்போது அம்மா மட்டும் இருந்த இடத்தில் முழந்தாளிட்டிருந்தாள். பாஸ்கா தோறும் அப்பா போய் வாங்கிக்கொண்டு வந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 1984இல் இளம் சாமியார் ஒருவர் வந்தார். "அது முடிஞ்சு போச்சும்மா, போய் வாங்குங்க" என்று இரண்டு வார்த்தையில் அவிழ்த்துவிட்டார்.

அந்த ஆறு வருடங்களை நான் இப்படி வாசிக்கிறேன். இரண்டு நிறுவனங்கள் அவள் கருப்பையின் மேல் உரிமை கொண்டாடின. ஒன்று அறுத்தது, மற்றொன்று அறுத்ததற்குத் தண்டித்தது. இரண்டுக்கும் நடுவே "வருத்தமில்லை" என்று அவள் சொன்னாளே, மனச்சாட்சி என்ற சொல் பொருந்துகிற இடம் என் கணக்கில் அதுதான். மன்னிப்புக்காகக்கூட அவள் பொய் சொல்லவில்லை. மனச்சாட்சி மனிதனின் மிக அந்தரங்கமான மையம், அங்கே அவன் கடவுளோடு தனித்திருக்கிறான் என்ற கருத்தை 1965இல் வத்திக்கான் சங்கமே எழுதி வைத்திருக்கிறது. அம்மா அதை வாசித்ததில்லை. ஆனால் அங்கே இருந்தாள்.

5

கேட்கப்படாத கேள்விகளையும் எழுத வேண்டும். வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலையே இரண்டாகக் கட்டிச் சுவர் வைத்து, 1910இல்தான் அதை இடித்தார்கள். சேரிக்குத் தனிக் கல்லறை, தனிப் பாதை, தனி வரிசை என்று எத்தனை பங்குகளில் பார்த்திருக்கிறோம். 1980களின் இறுதியில் தலித் கிறிஸ்தவர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகே இது பாவம் என்ற பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் சலவைக்கு வருகிறவளுக்குத் தனித் தம்ளர் இருந்தது. ஒரு செபம் விட்டதற்கு நெஞ்சில் அடித்துக்கொண்ட அம்மா, அந்தத் தம்ளரைப் பற்றி ஒருநாளும் தொட்டியில் சொல்லியிருக்க மாட்டாள். கேள்விப் பட்டியலில் அது இல்லை. குற்றவுணர்வு தானாக ஊறுவதில்லை, வெட்டிய வாய்க்காலில்தான் ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அம்மாவை வெறும் பலியாளாக எழுதுவதும் சரியில்லை. அடித்த புருஷனைப் பற்றி ஊரில் வாய் திறக்க முடியாத பெண்களுக்கு, குறுக்கிடாமல் ஒரு ஆண் காது கொடுத்துக் கேட்கும் ஒரே இடம் அந்தத் தொட்டிதான். சாராயம், அடி, கொடுக்காத கூலி எல்லாவற்றையும் 'என் பாவம்' என்ற உறையில் போட்டு அவர்கள் முறைப்பாடு செய்தார்கள். சில சமயம் அடுத்த ஞாயிற்றுப் பிரசங்கம் குடிகாரர்களைப் பற்றி இருக்கும். அதிகாரம் வைத்த காதை இவர்கள் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள். ஆனாலும் முறைப்பாடு செய்ய வேண்டுமென்றால் முதலில் குற்றவாளியாக முழந்தாளிட வேண்டும் என்ற விதியை அவர்களால் மாற்ற முடியவில்லை.

நம் கூட்டங்களில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம். நான் கோயிலை விட்டு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் ஒரு போராட்டத்துக்குப் போன நாளில், மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே என் வலது கை நெஞ்சுக்குப் போனது. என்னோடு வந்த தோழர்களில் தகப்பன்மாரும் இருந்தார்கள். அவர்கள் கை எங்கும் போகவில்லை. தொட்டியை விட்டு வெளியே வந்தாலும் கேள்விகள் கூடவே வருகின்றன. இயக்கங்களும் அதே கேள்விகளைப் பெண்ணிடம்தான் கேட்கின்றன.

2007 ஏப்ரலில் வத்திக்கானின் சர்வதேச இறையியல் குழு ஒரு ஆவணம் வெளியிட்டது. ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணங்கள் உண்டு என்றும், லிம்போ என்பது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை என்றும் அது சொல்கிறது. அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். இறந்தது 2010இல். அந்த மூன்று நவம்பர்களிலும் அவள் உடைமரத்தடிக்கு மெழுகுதிரி எடுத்துப்போனாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. எனக்கே அவள் போன பிறகுதான் தெரியும்.

இதையும் நான் விட்ட பாவமாக எண்ணத் தொடங்குகிறேன். உடனே நிறுத்திக்கொள்கிறேன். சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அது அவர்கள் கணக்கு.