நடந்தவர்கள் காத்த கரை



சந்திப்பு மலர் என்றால் ஆசிரியர்களின் நினைவு, விடுதிச் சாப்பாடு, பரீட்சைக் காலத்துக் கூத்து என்று எழுதுவதுதான் வழக்கம். அதையெல்லாம் சுவையாக எழுத இந்த மலரில் பலர் இருக்கிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது நம்ம சென்னைக் கடற்கரையின் ஒரு சின்ன வரலாறு. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணல். ராஜா, போர், கோட்டை எதுவும் இதில் கிடையாது. ராத்திரியில் நடந்த மாணவர்களின் கால்தடம்தான் இந்த வரலாறு.

முதலில் கதாநாயகியைச் சொல்லிவிடுகிறேன். பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை நள்ளிரவில் கரையேறி, மணலில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். ஒன்றரை மாசம் கழித்துக் குஞ்சு வெளியே வரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண் அதிகம். பிறந்த குஞ்சுக்குத் திசை சொல்ல ஆள் கிடையாது. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இயற்கையில் அது கடல் பக்கம். நட்சத்திர ஒளி பட்டு அலை மினுக்கும், கரைப் பக்கம் இருட்டாக இருக்கும். ஆனால் நாம் கரைப் பக்கம் தெருவிளக்கு போட்டுவிட்டோம். குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைக்கு வருகிறது. அங்கே வண்டிச் சக்கரம், நாய், காலையில் காக்கை.

1970-களின் தொடக்கத்தில் இதைக் கவனித்தவர்கள் பாம்புப் பண்ணைக்காரர்கள். ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடன் இருந்த இளைஞர்களும் ராத்திரியில் கரையோரம் நடந்து, நாயும் நரியும் முட்டை விற்பவர்களும் போவதற்குள் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட மணலில் புதைத்துப் பொரிக்க வைத்தார்கள். இந்தக் கூட்டத்தில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்தவர், கடலாமைக்கே வாழ்க்கையைக் கொடுத்துவிட்டார். இந்தியக் கடற்கரைகளில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நடந்தே ஆமைகளைக் கணக்கெடுத்தவர் என்பார்கள். 1982-இல் லட்சத்தீவில் ஆளில்லாத சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுக்கத் தனியாக இருந்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, 24 நாளில் மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது! சொன்னால் கட்டுக்கதை மாதிரி இருக்கும், ஆனால் உண்மை. 2023-இல் அவர் காலமானார். நம் நாட்டுக் கடலாமை அறிவின் அஸ்திவாரத்தில் பெரும்பங்கு அவர் கால் பட்ட மணல்தான்.

பிறகு சில ஆண்டுகள் வனத்துறை இந்தப் பொரிப்பகங்களை நடத்தியது. 1988-இல் அது நின்றது. அப்போது கல்லூரி மாணவர்கள் சிலர், "அரசாங்கம் நிறுத்தினால் நிறுத்தட்டும், நாம நடப்போம்" என்று கிளம்பினார்கள். அப்படிப் பிறந்ததுதான் எஸ்.எஸ்.டி.சி.என். எனப்படும் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பு. பெரிய முதலீடு ஏதும் கிடையாது. ராத்திரி முழுக்க நடக்கத் தெம்பு, ஒரு பை, மங்கலான டார்ச். கூடு எங்கே இருக்கிறது என்று தடம் பார்த்துச் சொல்ல மீனவ அண்ணன்மார். அவர்களிடம்தான் மாணவர்கள் பாடம் படித்தார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத படிப்பு அது.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். கடலாமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பின்னர் சேர்க்கப்பட்டுவிட்டது. புலிக்கு உள்ள பாதுகாப்பு ஆமைக்கும் உண்டு. 1991-இல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் வந்தது. காகிதத்தில் குறை இல்லை. ஆனால் காகிதம் ராத்திரி இரண்டு மணிக்கு மணலில் நடக்காதே! சட்டம் இருந்தும் ஆள் இல்லாவிட்டால் கூடு நாய்க்குத்தான். நடப்பவன் இருந்தால்தான் எங்கே புது விளக்கு வந்தது, எங்கே மணலைக் கொத்தி எடுத்தார்கள், எங்கே கட்டடம் எழும்புகிறது என்று ஊருக்குத் தெரியும். கரையின் காவல் நடப்பவர் காலில் இருக்கிறது என்பதுதான் இந்த வரலாற்றில் நான் கண்ட சாரம்.

ஆமைக்காக நடந்தவர்கள் சீக்கிரமே மனிதர் நடக்கும் வழியைப் பற்றியும் பேச வேண்டி வந்தது. பெசன்ட் நகருக்கு வடக்கே, அடையாறு கடலில் சேரும் இடத்தில் உடைந்த பாலம் ஒன்று நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். சினிமாவில் சண்டைக் காட்சிக்கும் காதல் காட்சிக்கும் பயன்பட்ட பாலம். அது 1967-இல் மீனவர்கள் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்து போகக் கட்டியது. 1977-இல் ஒரு பகுதி ஆற்றோடு போச்சு. அதன்பின் எத்தனையோ பேச்சு. நடந்துபோகிறவனுக்கு இன்று வரை பாலம் ஒட்டவில்லை.

ஆனால் 2009, 2010 வாக்கில் அதே கரையில் காருக்கு மட்டும் ஒரு பெரிய யோசனை வந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரமாகவே உயர்மட்டச் சாலை. ஊரூர் குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகள், ஆமை நடை மாணவர்கள், பெசன்ட் நகர்வாசிகள் எல்லோரும் ஒன்றாக எதிர்த்தார்கள். வலை காய வைக்கிற மணலும், ஆமை கூடு வைக்கிற மணலும், தாத்தா காலையில் நடக்கிற மணலும் ஒரே மணல்தானே! அந்தச் சாலை வரவில்லை. அவ்வப்போது வேறு உருவத்தில் மறுபடி பேச்சு எழுவதால், கதை முடிந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எல்லோரும் எப்போதும் ஒரே குரலில் பேசினார்கள் என்றும் நான் சொல்லவில்லை. விளக்கு விஷயத்தை எடுங்கள். மாலையில் நடக்க வரும் பெண்கள் வெளிச்சம் வேண்டும் என்கிறார்கள். ஆமைக்காரர்கள் இருட்டு வேண்டும் என்கிறார்கள். இரண்டும் நியாயம்தான். வழியும் இருக்கிறது. விளக்கு கடலைப் பார்க்காமல் நடைபாதையைப் பார்க்கட்டும். தாழ்வாக, மூடி போட்டு இருக்கட்டும். ஆமைக் காலத்தில் ஜனம் வீடு போனபிறகு நள்ளிரவில் அணையட்டும். நடப்பவருக்கும் வெளிச்சம் காலடியில்தானே தேவை, கடலுக்கு எதற்கு?

இனி தெருவுக்கு வருவோம். கல்லூரிக்கு சைக்கிளில் வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! 1970-இல் சென்னையில் பயணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளில் நடந்தது. 2008 கணக்கெடுப்பில் அது நூற்றுக்கு 6 ஆகச் சுருங்கிவிட்டது. ஆனால் நடப்பவர்கள் அப்போதும் நூற்றுக்கு 28. நாலில் ஒரு பங்குக்கு மேல் நடக்கிற ஊரில் நடைபாதை மீது கடை, டிரான்ஸ்பார்மர், நிறுத்திய பைக். சைக்கிள் ஓட்டியவன் ஆசை விட்டுப்போய் நிறுத்தவில்லை சார், பயந்து நிறுத்தினான்.

இதற்கும் குரல் கொடுத்தது ஊர் மக்கள்தான். 2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் இதற்கே என்றும் எழுதினார்கள். அதே சமயம் பெசன்ட் நகரில் ஞாயிறு காலை வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவைக் குழந்தைகளுக்கு விட்டார்கள். சைக்கிள், ஸ்கேட்டிங், பம்பரம் என்று ஒரே கொண்டாட்டம். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகல நடைபாதை வளாகம் திறந்தது. நல்ல தொடக்கங்கள். ஆனால் கொள்கையும் ஆமைச் சட்டம் மாதிரிதான். கூடவே நடக்க ஆள் வேண்டும். நடைபாதையைக் கட்டிக் கொடுத்தாலும், மறுவாரம் அதில் வண்டி ஏறி நின்றால் கேட்பவர் யார்?

நடையால் முடியாததும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டிய பிராணி. இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். நூறு முட்டையை மண்ணில் காப்பாற்றி, தாயைக் கடலில் பறிகொடுத்தால் என்ன பயன்? வலைக்கு விதி வகுப்பதும், விதியை நடத்திக் காட்டுவதும் அரசு செய்ய வேண்டியது. ஆனால் அந்தச் சாவை எண்ணி ஊருக்குச் சொன்னது யார்? விடியற்காலையில் மணலில் நடந்தவர்கள். எண்ண ஆள் இல்லாமல் போயிருந்தால் செய்தியும் இல்லை, விசாரணையும் இல்லை.

தம்பி தங்கைகளே! 1988-இல் நடந்தவர்கள் இன்று தலை நரைத்தவர்கள். வரும் ஜனவரியில் ஒரு வெள்ளி ராத்திரி போய்க் கூட நடந்து பாருங்கள். பேச்சைக் குறையுங்கள், செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள், கூட வருகிறவர் சொல்வதைக் கேளுங்கள். ஆமை வராத ராத்திரிகள்தான் அதிகம். அதற்காக நடை வீண் ஆகாது.

பழைய மாணவர்களே! நம்மில் பொறியாளர் உண்டு, அதிகாரி உண்டு, வக்கீல் உண்டு, குடியிருப்போர் சங்கத் தலைவர்களும் உண்டு. அவரவர் தெருவில் கல்லூரிக்கோ பள்ளிக்கோ போகிற பிள்ளை பயமில்லாமல் நடந்து, சைக்கிள் மிதித்துப் போக முடிகிறதா என்று ஒரு நாள் காலை நடந்து பார்த்து, கண்டதை எழுதி வார்டு ஆபீசில் கொடுங்கள். கொடுத்துவிட்டு மறுமாசம் மறுபடி போய்க் கேளுங்கள்.