பாசிக்குடாவுக்குத் தெற்கிலும் வடக்கிலும்: கிழக்கிலங்கையில் இதழியலும் கலைக்கல்வியும்

முன்னுரை

பாசிக்குடாவிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போகும் வழியில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகரைத் தாண்டி வாவிப் பாலத்தைக் கடந்தால் கல்லடியில் அதன் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். தொடர்பாடல் கற்கைக்கான பீடமோ எதிர்த்திசையில், அதே பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் அமைந்துள்ளது. பாசிக்குடா மாணவர் ஒருவர் கூத்தையும் ஓவியத்தையும் முறையாகக் கற்கத் தெற்கே போகவேண்டும். தொடர்பாடல் கற்க வடக்கே போகவேண்டும். ஆயினும் இப்பகுதியின் வரலாற்றில் இவ்விரு துறைகளும் ஒரே மனிதர்களின் கைகளில்தான் வளர்ந்தன. அந்த வளர்ச்சியையும் பின்னர் நேர்ந்த பிரிவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விபுலானந்தர்: ஆசிரியபீடமும் ஆய்வும்

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், துறவுப் பயிற்சிக் காலத்தில் சென்னையில் 'இராமகிருஷ்ண விஜயம்' இதழின் ஆசிரியப் பணியை ஏற்றார். பின்னர் இமயமலையின் மாயாவதியிலிருந்து வெளிவந்த 'பிரபுத்த பாரத' ஆங்கில இதழை நடத்தினார். நாடகவியலை ஆராய்ந்த 'மதங்க சூளாமணி'யும் பண்டைத் தமிழிசையை மீட்டெடுக்க முயன்ற 'யாழ் நூல்' என்பதும் அவர் எழுதியவை. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இசையாய்வுக்கு வேண்டிய பொறுமையும் மாத இதழுக்கு வேண்டிய காலந்தவறாமையும் அவரிடம் ஒருங்கே இருந்தன. இன்று இதழியலையும் கலையையும் சேர்த்த இணைப் பட்டம் ஒன்று எத்தகைய ஆளுமையை உருவாக்க விரும்புமோ, அதற்கு முன்மாதிரி இம்மண்ணிலேயே இருந்திருக்கிறது.

பத்திரிகை மேசையிலிருந்து கலைக்கல்லூரிக்கு

அடுத்த தலைமுறையில் மட்டக்களப்பைச் சேர்ந்த எஸ். டி. சிவநாயகம் 'சுதந்திரன்' இதழுக்கும், 1966இல் தொடங்கிய 'தினபதி' நாளேட்டுக்கும் ஆசிரியராக இருந்து, செய்தியோடு கவிதைக்கும் இடம் தந்தார். 'சுதந்திரன்' ஆசிரியபீடத்தில் பணியாற்றிய செ. இராசதுரை 1956இல் மட்டக்களப்பின் நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர் அவர் அமைச்சராக இருந்தபோது, 1982இல், கல்லடியில் சுவாமி விபுலானந்த இசை நடனக் கல்லூரி உருவாயிற்று. இன்றைய அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் தொடக்கம் அதுவே. பத்திரிகைத் துறையிலிருந்து வந்த ஒருவரின் முயற்சி கலைக்கல்விக்கு நிறுவன வடிவம் தந்தது என்பது கவனத்திற்குரியது.

பல்கலைக்கழகமும் பிரிந்த பாதைகளும்

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது விஞ்ஞானமும் விவசாயமும்தான் முதலில் இடம்பெற்றன. 1986இல் அது பல்கலைக்கழகமானது. கலை, கலாசாரக் கற்கைகள் அதன் பின்னரே சேர்ந்தன. பேராசிரியர் சி. மௌனகுரு நுண்கலைத் துறைக்குத் தலைமை ஏற்றபின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் பாடத்திட்டத்திலும் பல்கலைக்கழக அரங்கிலும் உரிய மதிப்பைப் பெற்றன. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனக் கூத்து ஆசான்களான அண்ணாவிமார் படிப்படியாகப் பழக்கிய முறை ஆய்வுப்பொருளாயிற்று.

2001இல் திருகோணமலை வளாகம் அமைந்தபோது தொடர்பாடலுக்கு வணிகக் கற்கைகளே துணையாயின. நிர்வாக நோக்கில் இது இயல்பான ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் விபுலானந்தர் வழியில் ஒன்றாக இருந்தவை இதனால் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்தன.

முறிந்த தொடர்

இதழியல் இங்கே நெடுங்காலம் வகுப்பறைக்கு வெளியே, மூத்தவரிடம் இளையவர் பழகிக் கற்ற தொழில். மட்டக்களப்பில் வாழ்ந்து 'வீரகேசரி' நாளேட்டுக்கு எழுதிய ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்து, 'தராகி' என்ற பெயரில் அரசியலையும் போரியலையும் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். இழப்பு இரு உயிர்களோடு முடியவில்லை. அவர்களிடம் கற்றிருக்கக்கூடிய ஒரு தலைமுறையும் வழிகாட்டிகளை இழந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பும் கடமை பல்கலைக்கழகத்தைச் சேர்கிறது.

முடிவுரை

அமெரிக்காவின் மிசூரியில் 1908இலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947இலும் இதழியல் தனித்துறையானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போன்ற பல்கலைக்கழகங்கள் இதழியலையும் கலையையும் இரட்டைப் பட்டமாகத் தந்திருக்கின்றன. செய்தி சேகரிக்கும் திறன் மட்டும் போதாது, செய்தியின் பொருளை உணர வரலாறும் மொழியும் சமூகவியலும் கலையும் வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

பாசிக்குடாவே இதற்குச் சான்று. 2004 சுனாமி தாக்கிய கரை அது; 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் சுற்றுலா விடுதிகள் வரிசையாக எழுந்த கரையும் அதுவே. அங்கே நிலம், மீன்பிடி, வேலைவாய்ப்பு, பண்பாடு பற்றி எழுதுபவர் மீனவரின் பேச்சையும் காணி ஆவணத்தையும் ஒருசேரப் படிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். கூத்துக் களரியை வெறும் காட்சிப் பொருளாகக் காணாதவராகவும் இருக்கவேண்டும்.

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. வந்தாறுமூலையின் மானிடப் பண்பியல் அறிவும் கல்லடியின் அரங்கப் பயிற்சியும் திருகோணமலையின் தொடர்பாடல் கல்வியும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கின்றன. இம்மூன்றையும் இணைத்துத் தமிழில் ஓர் இதழியல் - கலை இணைப் பட்டக் கற்கைநெறியை வகுப்பதே கிழக்குப் பல்கலைக்கழகம் அடுத்து எடுக்கவேண்டிய முடிவு.