கோடீஸ்வரன் வழக்கு: எழுதப்படாத தீர்ப்பு

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு மாணவனாவது கேட்டுவிடுவான்: "சேர், பிழையான தீர்ப்பைப் பிறகு மாத்த ஏலாதா?" பாண்டியன் தன் தீர்ப்பின் பிழையை உணர்ந்தான், அக்கணமே உயிரையும் விட்டான். மேன்முறையீடு என்றோர் ஏற்பாடு மதுரையில் இருந்ததாக இளங்கோவடிகள் சொல்லவில்லை. நமது கொழும்பில் அது இருந்தது. கொட்டாஞ்சேனைக்கு அடுத்த புதுக்கடையில், ஒரே வழக்கில் தீர்ப்பு இருமுறை புரண்ட கதையொன்று உண்டு, நேயர்களே.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1961 டிசம்பர் 4ஆந் திகதி திறைசேரியின் 560ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வாடகைக்கு இருந்துகொண்டு, மாதாமாதம் ஊருக்கு மணியோடர் அனுப்பிய எழுதுவினைஞருக்கு அந்தச் சில ரூபாய் சிறு விடயமன்று.

கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞர் அந்தப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்ரல் முதலாந் திகதி கிடைக்கவேண்டிய ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் சட்டமா அதிபருக்கு எதிராகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் வழக்கிட்டார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தாருக்கு மட்டும் இடர் விளைக்கும் சட்டத்தை ஆக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. அதைக் கொண்டு, மொழிச்சட்டம் செல்லாது என 1964இல் தீர்ப்பளித்தார் நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர். சம்பள ஏற்றம் கேட்டுப்போன வழக்கு நாட்டின் மொழிச்சட்டத்தையே அசைத்துவிட்டது!

அரசு மேன்முறையிட்டது. 1967இல் பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ தலைமையில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. எந்தக் காரணத்தால்? அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கிட முடியாது என்பதனால். மொழிச்சட்டம் செல்லுமா, செல்லாதா என்பதை நீதியரசர்கள் தீர்மானிக்கவேயில்லை. வாசலிலேயே வழக்கு திருப்பி அனுப்பப்பட்டது.

இனி இலண்டன். பிரிவிக் கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகம், 1962 இராணுவச் சதி வழக்கில் குற்றவாளிகளாகக் காணப்பட்ட 11 பேரின் தண்டனையை 1965இல் ரத்துச் செய்திருந்தது. அவர்கள் வீடு திரும்பினர். கோடீஸ்வரனுக்கோ பாதி வெற்றிதான். 1969 டிசம்பரில் டிப்ளொக் பிரபு வாசித்த முடிவு உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கியது. இங்கிலாந்தில் எப்படியிருந்தாலும், உரோமன் ஒல்லாந்தச் சட்டம் வேரூன்றிய இலங்கையில் ஊழியர் தம் சம்பளத்துக்கு வழக்கிடலாம் என்றது. ஆனால் யாப்புப் பற்றிய வினாவில், இலங்கை நீதியரசர்களின் கருத்தை அறியாமல் கைவைக்க விரும்பவில்லை. அதை விசாரிக்கும்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியது.

வழக்கு கப்பலேறிப் போய்க் கொழும்புக்கே மீண்டது. விசாரணை மட்டும் நடக்கவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவுக்கு இடமில்லை. சிங்களமே அரசகரும மொழி என்பது யாப்பிலேயே ஏறியது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. அது பாராளுமன்றம் செய்தது, நீதிமன்றம் சொன்னதன்று.

டி கிரெட்சரின் தீர்ப்பு நின்றதா, விழுந்ததா? தள்ளிய தீர்ப்பே தள்ளுண்டது. ஆயினும் அவர் சொன்ன விடை சரியென்றோ பிழையென்றோ எந்த மேல்மன்றமும் சொல்லவில்லை. மூன்று மன்றங்கள் மூன்று தீர்ப்புகளை எழுதின. நாலாவது தீர்ப்புத்தான் கோடீஸ்வரன் கேட்ட கேள்விக்கு உரியது. அது எழுதப்படவேயில்லை.