நெய்தவர் யார்? முத்திரையிட்டவர் யார்?

ஆரணியில் பட்டுச் சேலை உருவாகும் வகையை நாம் அன்றாடம் காண்கிறோம். நெசவாளி தறியில் பாவு பூட்டி, ஊடை ஓட்டி, இல்லத்தார் அனைவரும் உடனுழைக்கப் பல நாள் பாடுபட்டுச் சேலையை இறக்குகிறார். கடைக்குச் சென்ற பின் தூய பட்டு என்பதற்குச் சான்றாக அதன்மீது முத்திரை ஒட்டப்படுகிறது. முத்திரையால் மதிப்பு உயர்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும், முத்திரையிட்டவரே நெய்தவர் என்று இவ்வூரில் எவரும் கூறத் துணியார்.

இந்த எளிய வினாவே அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றங்களில் வழக்காடப்பட்டு வந்தது என்றால் வியப்பாயிருக்கும்.

சர் ஸையித் அஹ்மத் கான் 1875-இல் அலீகரில் ஒரு மத்ரஸாவைத் தொடங்கினார். 1877-இல் அது முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியாக வளர்ந்தது. 1898-இல் அப்பெரியார் மறைந்தபின் அதனைப் பல்கலைக்கழகமாக்கும் முயற்சி எழுந்தது. ஆகா கான் முதலியோர் முன்னின்று நிதி திரட்டினர். 30 லட்சம் ரூபாய் நிரந்தர நிதியாக வைக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. சமுதாயம் அதனைத் தந்தது. அரசு ஏற்கும் பட்டம் வழங்க வேண்டுமானால் சட்டம் வேண்டும். எனவே 1920-இல் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 1-இல் பல்கலைக்கழகம் அமைந்தது. அதன் உயர் ஆட்சி மன்றத்தில் முஸ்லிம்களே உறுப்பினராகலாம் என்றும் அச்சட்டம் விதித்தது.

1951-இல் அவ்விதி நீக்கப்பட்டது. 1965-இல் அம்மன்றத்தின் அதிகாரமும் குறைக்கப்பட்டது. சிறுபான்மையினர் தம் கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை வழங்கும் அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவைக் காட்டி அஸீஸ் பாஷா முதலியோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 1967-இல் தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையில் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது: பல்கலைக்கழகத்தை நிறுவியது மத்திய சட்டமன்றமே, நிறுவாதவர்க்கு நிர்வகிக்கும் உரிமையும் இல்லை. நம் உவமையில் சொன்னால், முத்திரையே சேலையாயிற்று.

1981-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இது இந்திய முஸ்லிம்கள் நிறுவியதே என்று எழுதிற்று. ஆனால், மருத்துவ மேற்படிப்பு இடங்களில் பாதியை முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய ஏற்பாட்டை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2005-இலும், மேல்முறையீட்டில் 2006-இலும் செல்லாது என்றது. மேல்முறையீட்டுக்குச் சென்றிருந்த மத்திய அரசு 2016-இல் விலகிக்கொண்டது. 2019-இல் வழக்கு எழுவர் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2024 நவம்பர் 8-இல் நால்வர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. சட்டத்தால் உருப்பெற்றது என்பதாலேயே ஒரு நிலையம் சிறுபான்மையினர் நிறுவியதன்று எனக் கொள்ளலாகாது. எண்ணம் யாருடையது, பொருள் யாருடையது, முயற்சி யாருடையது என்று ஆராய்தல் வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட நால்வர் கூறி, 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிப்படையை நீக்கினர். அலீகரின் நிலையை அவ்வளவைகளால் முடிவு செய்யும் பொறுப்பை மற்றோர் அமர்வுக்கு விட்டனர்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. அமெரிக்காவில் மெத்தடிஸ்ட் திருச்சபைக்கும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கும் இதே வினாவில் வழக்கெழுந்தது. 1914-இல் டென்னஸ்ஸி மாநில உச்ச நீதிமன்றம் ஆயர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. திருச்சபை அவ்வாண்டே உறவை முறித்துக்கொண்டது.

நம் ஃபிக்ஹு நூலோர் இவ்வினாவை முன்னமே சிந்தித்தனர். வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையை ஷரீஅத்தின் வாக்குக்கு நிகராக மதிக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட விதி. அதனை நடத்தும் முதவல்லி உரிமையாளரல்லர், காவலரே. ஆனால், நிபந்தனை தெரிந்தாலன்றோ அதனைக் காக்க இயலும்?

இங்கேதான் நம் குறையை நாமே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நமக்கு அண்மையிலுள்ள வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. அத்தகைய பெரிய நிலையங்களுக்குப் பதிவேடுகள் உண்டு. ஊர்தோறும் உள்ள சிறு மத்ரஸாக்களின் நிலை என்ன? நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவில் நிலம் தந்தவர் பெயரை முதியவர் ஒருவர் வாயால் கேட்டே அறிந்தோம். எழுத்து ஒன்றும் அகப்படவில்லை. சென்ற ஆண்டு அம்முதியவரும் காலமானார். இனி எவரேனும் நிறுவியவர் யார் என்று கேட்டால் நாம் எதைக் காட்டுவோம்?

கடனைக் கொடுத்து வாங்கும்போது எழுதிக்கொள்ளுங்கள் என்று திருமறை கட்டளையிடுகிறது. தனிமனிதர் கடனுக்கே அவ்வளவு எச்சரிக்கை என்றால், தலைமுறைகளின் அமானிதத்துக்கு எவ்வளவு வேண்டும்! நன்கொடை ரசீதையும், கூட்டக் குறிப்பையும், நிலப் பத்திரத்தையும் பேணுவோம். அலீகர் பெரியார்கள் எழுதி வைத்தவையே அவர்கள் சார்பில் நீதிமன்றத்தில் பேசின.

இன்னொன்றும் உண்டு. நெய்தவர் நாமே என்று நாளை தீர்ப்பு வரலாம். அன்றைக்கு அச்சேலை கிழிசலாய் இருந்தால் வெற்றியால் பயனென்ன? உரிமை என்பது வாயிற்கதவை நம் கையில் தருவது மட்டுமே. உள்ளே கற்பிக்க வேண்டியவர் நாமே. அப்பணிக்கு வல்ல அல்லாஹ் துணை நிற்பானாக.