மணலில் தொடங்கிய காவல்: சோழமண்டலக் கரையில் கடலாமைப் பாதுகாப்பின் ஐம்பது ஆண்டுகள்

சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேடி இரவில் நடக்கும் வழக்கம் 1970களின் தொடக்கத்தில் தோன்றியது. சில நண்பர்களின் ஆர்வமாக இருந்த அது இன்று மாநில அரசே நடத்தும் திட்டமாகியிருக்கிறது. இந்த வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர், கடலில் விடப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கொண்டே அதை அளப்பது வழக்கம். இக்கட்டுரை வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஆமையைக் காத்தவர்கள் யார், எங்கே நின்று காத்தார்கள்? காப்போர் மாறிக்கொண்டே வந்தார்கள். காக்கும் இடம் மட்டும் நெடுங்காலம் மாறவில்லை. முட்டையிட வரும் சிறு பொழுது தவிர வாழ்நாள் முழுவதையும் நீரில் கழிக்கும் உயிரை நாம் மணலில் நின்றே காத்துவந்தோம் என்பது இந்த வரலாற்றைப் படிக்கும் எவர் கண்ணிலும் படவேண்டிய செய்தி.

தமிழகக் கடலுக்கு ஐந்து வகை ஆமைகள் வருகின்றன. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. சோழமண்டலக் கரையில் முட்டையிடுவது பெரும்பாலும் பங்குனி ஆமையே. பேராமை மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் மேயும். இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டுத் தூத்துக்குடிச் சந்தைக்குப் போனது அதுதான். அதன் இரத்தத்தை மருந்தென்று குடிக்கும் பழக்கமும் அங்கே இருந்தது. வடக்கே சென்னைப் பக்கம் ஆமையைவிட அதன் முட்டைக்கே ஆபத்து அதிகம். மனிதர் எடுத்தது போக மிஞ்சியதை நாயும் நரியும் தோண்டின. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் கடலாமைகள் அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. சட்டம் கரைக்கு வந்துசேருமுன்பே சில இளைஞர்கள் அங்கே நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவர்களின் நடுவில் இருந்தவர் ரோமுலஸ் விட்டேக்கர். 1969இல் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய அவரைச் சுற்றி, பாம்பு, முதலை, ஆமை என்று ஊர்வனவற்றில் நாட்டம் கொண்ட ஒரு கூட்டம் சேர்ந்தது. எஸ். வள்ளியப்பனும் விட்டேக்கரும் 1970களின் நடுவில் எழுதிய சிறு குறிப்பு, சோழமண்டலக் கரையின் பங்குனி ஆமைகளைப் பற்றிய முறையான பதிவுகளில் முன்னோடி. கூட்டைக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்து, வேலி போட்ட மணற்பரப்பில் மீண்டும் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடும் முறை அந்தக் குழுவோடு இங்கே வேர்கொண்டது. அதே காலத்தில், 1974இல், ஒடிசாவின் ககிர்மாதாவில் ஆமைகள் பெருங்கூட்டமாக முட்டையிடுவதை ராபர்ட் பஸ்டார்ட் அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இந்திய ஆமை ஆய்வின் பார்வை ஒடிசாப் பக்கம் திரும்பியது. தனித்தனியாகக் கரையேறும் சென்னை ஆமைகளுக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. அவற்றுக்கு நடப்பவர்கள்தான் கிடைத்தார்கள்.

அப்படி நடந்தவர்களில் தனித்து நிற்பவர் சதீஷ் பாஸ்கர். 1946இல் பிறந்த அவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படிக்க வந்து, படிப்பை முடிக்காமல் விட்டேக்கரின் குழுவோடு சேர்ந்தார். இந்தியாவில் கடலாமைகள் எங்கெங்கே முட்டையிடுகின்றன என்ற அடிப்படைக் கேள்விக்கே அன்று விடையில்லை. விடை தேடி அவர் கரைகளை அளக்கக் கிளம்பினார். 1977இல் லட்சத்தீவுகள், அடுத்து அந்தமான் நிக்கோபார், குஜராத் என்று பயணம் நீண்டது. கையில் குறிப்பேடு, சிறிதளவு உணவு, பெரும்பாலும் துணைக்கு ஆளில்லை. மணலில் ஆமை ஏறி இறங்கிய தடங்கள், கூடுகள், வெறும் ஓடுகள் ஆகியவற்றை எண்ணினார். தீவு மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். இன்று செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆமையைப் பின்தொடரும் ஆய்வாளரும் அடிப்படைத் தரவுக்கு அந்தக் குறிப்புகளைத்தான் புரட்டுகிறார்.

1982இல் அவர் செய்த காரியம் அந்த வாழ்க்கையின் தன்மையைக் காட்டும். லட்சத்தீவின் சுஹேலித் தீவில் பேராமைகள் முட்டையிடும் உச்சக்காலம் தென்மேற்குப் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் படகு போகாது. போனவர் மழை ஓயும்வரை திரும்பவும் முடியாது. ஆளில்லாத அத்தீவில் மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கி அவர் கணக்கெடுத்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்தது. அவர் அதைத் தபாலில் சேர்த்தார். இந்தச் செய்தியைச் சாகசக் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். ஆய்வு வரலாற்றில் அதற்கு இன்னும் கனமான பொருள் உண்டு. ஆமையின் காலத்துக்குத் தன் காலத்தை ஒப்புக்கொடுத்தால்தான் அந்தத் தரவு கிடைக்கும். வசதியான மாதத்தில் போய் வந்திருந்தால் சுஹேலியின் கணக்கு பொய்த்திருக்கும்.

1980களின் நடுவில் இந்தோனேசியாவின் பப்புவாக் கரையில் நூற்றுக்கணக்கான ஏழுவரி ஆமைகளுக்கு அடையாள வில்லை பொருத்தினார். 1990களின் தொடக்கத்தில் பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் அதே ஆமைகளைப் பதிவு செய்தார். 2010இல் கோவாவில் கூடிய பன்னாட்டுக் கடலாமை மாநாடு அவரைச் சிறப்பித்தது. 2023இல் அவர் மறைந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2021 ஜனவரியில், துறைமுகத் திட்டத்துக்காகக் கலத்தியா விரிகுடாவின் சரணாலயத் தகுதி நீக்கப்பட்டிருந்தது. ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த சான்று அந்த முடிவைத் தடுக்கப் போதவில்லை என்பது என்னை வருத்துகிறது. இத்துறையில் பலருக்கும் அந்த வருத்தம் உண்டு.

சென்னைக் கரைக்கு வருவோம். 1978இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கோவளத்தில் ஆமைக்குஞ்சு பொரிப்பகம் தொடங்கியது. 1982 முதல் வனத்துறை பொரிப்பகங்களை நடத்தியது. 1988 வாக்கில் வனத்துறை இப்பணியிலிருந்து விலகவே, அந்த இடைவெளியில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு உருவானது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவு நடை. தடத்தைக் கண்டு, குச்சியால் மணலை மெல்லக் குத்திப் பார்த்து, இளகிய இடத்தில் கூட்டைத் தோண்டுவார்கள். குடுவை வடிவிலான அந்தக் குழியில் நூறுக்கு மேல் முட்டைகள் இருக்கும். அதே ஆழத்தில், அதே வடிவில் இன்னொரு குழி தோண்டிப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். ஏறக்குறைய 45 முதல் 50 நாளில் குஞ்சுகள் மேலே வரும். மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. வெப்பம் கூடினால் பெண் கூடும். எனவே பொரிப்பகத்துக்கு நிழல் போடுவதா வேண்டாமா என்பதும் அறிவியல் கேள்விதான்.

வி. அருண் போன்றோர் பதிற்றாண்டுகளாக இந்த நடையை அறாமல் நடத்திவருகிறார்கள். மாணவப் பருவத்தில் இந்த அமைப்பில் நடந்த கார்த்திக் சங்கர் பின்னாளில் இந்தியாவின் முதன்மையான கடலாமை ஆய்வாளர்களில் ஒருவரானார். இந்த வரலாற்றைத் தொகுத்து 2015இல் நூலாகவும் எழுதினார். நடையின் பெரிய பயன் காப்பாற்றிய முட்டைகளைவிட அதில் உருவான மனிதர்கள் என்று நான் கருதுகிறேன்.

இந்த அமைப்பு பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1987இல், அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு பாதுகாப்பின் கணக்கையே மாற்றிப்போட்டது. டெபோரா குரௌஸ், லாரி குரௌடர், ஹால் காஸ்வெல் மூவரும் பெருந்தலை ஆமைகளின் வாழ்க்கைக் கட்டங்களைக் கணித மாதிரியாக அமைத்துப் பார்த்தார்கள். எல்லா முட்டைகளையும் காப்பாற்றினாலும் அது மட்டுமே குறைந்துவரும் கூட்டத்தை மீட்காது. வளர்ந்த இளம் ஆமைகள் சாவதைக் குறைப்பதே பலன் தரும் என்று அந்த ஆய்வு காட்டியது. அவை சாவது பெரும்பாலும் இறால் இழுவலையில். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். ஓய்வில் இருந்தால் நெடுநேரம் நீருக்குள் இருக்க முடியும். வலையில் சிக்கித் திமிறினால் உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடும். விசைப்படகின் இழுவலையோ மணிக்கணக்கில் கடலடியில் இழுபடுகிறது.

இதற்குத் தீர்வாக வந்ததே ஆமை விலக்குக் கருவி. வலையின் கடைசிப் பையான மடிக்கு முன்னால் சாய்வாகப் பொருத்தும் கம்பித் தட்டி இது; இறால் இடுக்கு வழியே உள்ளே போகும், ஆமை மேலுள்ள திறப்பு வழியே வெளியேறும். அமெரிக்கா 1989இல் இதை இறால் இறக்குமதிக்கு நிபந்தனையாக்கியது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வணிக அமைப்பில் வழக்காடின. 1998இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. அப்படி இக்கருவி நம் மீனவர்களை எட்டியபோது, ஆமைமேல் கொண்ட அக்கறையாக வரவில்லை. அயல்நாட்டுச் சந்தையின் மிரட்டலாகவே வந்தது. திறப்பு வழியே மீனும் நழுவிப்போகும் என்ற அவர்களின் அச்சத்தை உட்கார்ந்து பேசித் தீர்க்க யாரும் போதிய முயற்சி எடுக்கவில்லை. கருவி இன்றும் பரவலாகாததற்கு மீனவரின் பிடிவாதத்தை மட்டும் காரணம் சொல்வது நியாயமல்ல.

ஆமையைக் காப்பவர்களுக்கும் மீனவக் குப்பத்து மக்களுக்கும் இடையே தொடக்கத்திலிருந்தே ஒரு தூரம் இருந்தது. நகரத்திலிருந்து வந்து நடந்தவர்கள் இவர்களை முட்டை எடுப்பவர்களாகவே முதலில் பார்த்தார்கள். வலையில் உயிரோடு சிக்கிய ஆமையைத் தெய்வமாக எண்ணி விடுவித்த மீனவர்களும் அதே குப்பங்களில்தான் இருந்தார்கள். 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். மீனவ இளைஞர்களையே ஊதியத்தோடு ஆமைக் காவலர்களாக்கியது அது. எந்தக் காற்றுக்கு ஆமை ஏறும், எந்த வலையில் எந்தப் பருவத்தில் மாட்டும், திருக்கை வலை ஏன் ஆபத்தானது என்பதெல்லாம் அவர்களுக்குச் சிறுவயதிலேயே தெரிந்தவை. காவலுக்கு அவர்கள் மிகத் தாமதமாகவே அழைக்கப்பட்டார்கள்.

வனத்துறையும் பின்னாளில் இப்பணிக்குத் திரும்பியது. 2024 பருவத்தில் தமிழக வனத்துறையின் பொரிப்பகங்களிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன. உழைத்தவர்கள் பெருமைப்படவேண்டிய எண்ணிக்கை. 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்துக் கரையொதுங்கின. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து பெரிதாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. அதன்படி 2 லட்சம் குஞ்சுகள் சுமார் 200 ஆமைகளாகும், அதுவும் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து. ஒரே மாதத்தில் ஒதுங்கிய உடல்களை ஈடுகட்ட 10 லட்சம் குஞ்சுகள் வேண்டும். செத்த ஆமைகள் எல்லாமே கரைக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இந்தச் சாவுகள் குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. துறைகள் கூட்டு ரோந்து தொடங்கின. கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்பது 1983ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உள்ள விதி. புதிதாகச் சட்டம் தேவைப்படவில்லை. இருந்ததை நிறைவேற்றுவதுதான் பாக்கி. இங்கே பலரும் கவனிக்காத ஒரு முரண் இருக்கிறது. கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்வளத்தைக் கருதி வகுக்கப்பட்ட காலம் அது. பங்குனி ஆமைகள் இணைசேரவும் முட்டையிடவும் கரைப்பக்கம் நெருங்குவதோ டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச்வரை. தடைக்காலம் தொடங்கும்போது தாய் ஆமைகளில் பெரும்பாலானவை முட்டையிட்டு முடித்திருக்கும். ஆமைக்கு மிக ஆபத்தான அந்த மூன்று மாதங்களில், சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு விசைப்படகுக்கும் ஆமைக்கும் இடையே நிற்பது அந்த 5 கடல்மைல் விதி ஒன்றுதான்.