கேட்பதற்கு ஓர் உரிமம்: இந்தியாவில் ரேடியோ லைசென்சின் வரலாறு

இந்தியாவில் ஒரு வானொலிப் பெட்டியை விலை கொடுத்து வாங்கியவர், அதைத் தம் வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் அதன் வழியே ஒலிபரப்பைக் கேட்பதற்கும் ஆண்டுதோறும் அரசுக்குக் கட்டணம் செலுத்தி அனுமதி பெற்றாக வேண்டும் என்ற நடைமுறை, 1920களில் வேரூன்றி, அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்து, 1980களின் நடுப்பகுதியில் முற்றிலும் மறைந்தது. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘ரேடியோ லைசென்ஸ்’ என்றே வழங்கிய இந்த அனுமதியை ஒரு சிறிய வரியாக மட்டும் கருதிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் ஒரு கருவியை வாங்கியவருக்கும் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திய அரசுக்கும் இடையே இருந்த உறவை இத்தனை தெளிவாகக் காட்டும் சான்று, இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் வேறொன்று இருப்பது அரிது. கேட்பவர் பணம் செலுத்தினார். எதைக் கேட்பது என்பதில் அவருக்குப் பங்கு தரப்படவில்லை. அந்த முரணிலிருந்தே இந்த நடைமுறையின் வளர்ச்சியும் தேய்வும் விளங்கத் தொடங்குகின்றன.

இதன் சட்ட வேர் வானொலியைவிடப் பழையது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைப்புகளை நிறுவி நடத்தும் தனியுரிமையை அரசுக்கே ஒதுக்கி, பிறருக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தையும் அதனிடமே விட்டது. ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் நிறுவிக் காட்டியதே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் என்பதால், சட்டத்தை வரைந்தவர்களின் மனத்தில் கம்பிவழிச் செய்தியைத் தவிர வேறெதுவும் இருந்திருக்க இயலாது. எனினும் கம்பியில்லாத் தந்தி நடைமுறைக்கு வந்தபோது அதுவும் தந்தியே என்று கொள்ளப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, அலைகளை அனுப்பும் கருவி மட்டுமன்றி, அவற்றை வெறுமனே வாங்கி ஒலியாக மாற்றும் பெட்டியும் தந்திக் கருவிகளின் வரிசையில் சேர்ந்தது. பதில் எதுவும் அனுப்ப இயலாத ஒரு கேட்பான், செய்தி அனுப்பும் நிலையத்துக்குரிய சட்டத்தின்கீழ் வந்து நின்றான்.

கேட்கும் கருவியைக் கட்டுப்படுத்தியதற்கு அந்நாளில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அதை நேர்மையுடன் குறிப்பிட்டாக வேண்டும். தொடக்ககால வால்வுப் பெட்டிகளில் (வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திப் பெருக்கும் உறுப்பு) ‘மீளூட்டு’ என்னும் முறை பரவலாகக் கையாளப்பட்டது. பெருக்கப்பட்ட சைகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளீட்டுக்கே செலுத்திக் கருவியின் கூர்மையைக் கூட்டுவது அதன் நோக்கம். அளவு சற்று மிகுந்தால் அந்தப் பெட்டி தானே ஓர் அலைபரப்பியாக மாறி, அக்கம்பக்கத்து வீடுகளின் பெட்டிகளில் கீச்சொலியை எழுப்பியது. ஆயினும் இந்தக் காரணம் படிகப் பெட்டிக்குப் பொருந்தாது. ஈயக் கனிமமான கலீனா போன்ற ஒரு படிகத்தின்மீது மெல்லிய கம்பிமுனையைத் தொடச்செய்து, மின்கலம் எதுவுமின்றி, காதில் பொருத்தும் கருவியில் ஒலியைப் பெறுவது அதன் முறை. அது எவருக்கும் இடையூறு செய்யும் ஆற்றல் உடையதன்று. அத்தகைய படிக உணர்விக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஜகதீச சந்திர போஸ் என்பதையும், அவர் நாட்டிலேயே பின்னாளில் படிகப் பெட்டி வைத்திருப்பவரும் உரிமம் பெற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நோக்கும்போது, தொழில்நுட்பக் காரணம் சட்டத்தின் முழுக் காரணமாக இருந்ததில்லை என்பது புலப்படும்.

ஒலிபரப்பைத் தொடங்கியவர்கள் அரசு அலுவலர்கள் அல்லர், ஆர்வலர்கள். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே மாதம் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகம், அவ்வாண்டு ஜூலை 31 அன்று வெறும் 40 வாட் திறனுள்ள பரப்பியுடன் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமுடையால் 1927இல் நின்றுபோயிற்று. அதே 1927இல், ஜூலை 23 அன்று பம்பாயிலும் ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்திய ஒலிபரப்புக் கம்பெனி ஒரு தனியார் நிறுவனம். ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதற்குச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்பவர்களின் பணத்தில் நிகழ்ச்சி நடத்துவது என்ற எண்ணம் நியாயமானதே, கேட்பவர்கள்தாம் போதவில்லை. 1927ஆம் ஆண்டின் முடிவில் நாடு முழுவதிலும் இருந்த உரிமங்கள் ஏறத்தாழ 3,600. மூன்றாண்டுகளுக்குப் பின்னும் அந்த எண்ணிக்கை 8,000ஐத் தொடவில்லை. 1930 மார்ச்சில் கம்பெனி கலைக்கப்பட்டது. ஏப்ரலில் நிலையங்களை அரசு தன் கைக்குக் கொண்டுவந்தது.

உரிமமின்றிக் கேட்டவர்கள் பலர் என்ற குறை கம்பெனிக் காலத்திலேயே எழுந்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒருவர் கருவியை நிறுவி இயக்கினார் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால் வழக்குத் தொடுப்பது கடினமாயிற்று. இந்த இடைவெளியை அடைக்கவே 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இயற்றப்பட்டு, 1934 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி, உரிமம் இன்றிக் கம்பியில்லாக் கருவியை ‘உடைமையாக வைத்திருப்பதே’ குற்றமாயிற்று. முதல் குற்றத்துக்கு 100 ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 250 ரூபாய் வரையும் தண்டம். இது சிறிய திருத்தம்போலத் தோன்றினாலும், வரலாற்று நோக்கில் இதுவே திருப்புமுனை. கேட்கும் செயலிலிருந்து பொருளை வைத்திருக்கும் நிலைக்குக் குற்றத்தின் எல்லை நகர்ந்தது. பழுதாகிப் பரணில் கிடக்கும் பெட்டியும் கணக்கில் காட்டப்பட வேண்டிய பொருளாயிற்று. 1932 டிசம்பரில் பிபிசி தன் பேரரசு ஒலிபரப்பைத் தொடங்கியதும், இங்கிருந்த ஐரோப்பியர்கள் பெட்டிகளை விரும்பி வாங்கியதும், புதிய சட்டமும் சேர்ந்து, 1934ஆம் ஆண்டின் முடிவில் உரிமங்களின் எண்ணிக்கையை 16,000க்கு மேல் உயர்த்தின.

இதே காலத்தில் சென்னையில் முற்றிலும் வேறான ஒரு வழி நடைமுறையில் இருந்தது. அது உரிய கவனம் பெறாமல் போனது வருந்தத்தக்கது. நின்றுபோன கழகத்தின் பரப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் தானே ஒலிபரப்பை நடத்தியதோடு, மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை அமைத்து, மாலைவேளைகளில் இசையைப் பொதுவெளியில் கேட்கச் செய்தது. பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் உரிமம் இல்லாதவர்களும் மணலில் அமர்ந்து கேட்டனர். அரசின் அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையத்தைத் திறந்தபோது மாநகராட்சியின் ஒலிபரப்புப் பணி முடிவுக்கு வந்தது. 1939 மே மாதம் திருச்சி நிலையம் தொடங்கியது. திறனும் தரமும் உயர்ந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நகரம் தன் குடிமக்களுக்காகத் தானே நடத்திய ஒலிபரப்பு என்ற எண்ணம் அத்துடன் கைவிடப்பட்டது.

விடுதலை பெற்ற நாட்டிலும் உரிமம் அப்படியே தொடர்ந்தது. 1947இல் உரிமங்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இந்தியப் பகுதியில் எஞ்சியிருந்த நிலையங்கள் ஆறு, அவற்றுள் இரண்டு சென்னையும் திருச்சியும். உரிமம் வழங்கும் பொறுப்பு அஞ்சல் துறையிடம் இருந்தது. அஞ்சலகம் தரும் சிறு புத்தகத்தில் பெட்டியின் தயாரிப்பும் உரிமையாளரின் முகவரியும் பதிவாகும். ஒவ்வோர் ஆண்டும் பணம் செலுத்தி அதைப் புதுப்பித்து, அஞ்சலக முத்திரை பெற்றுவர வேண்டும். வீட்டுக்கு ஒரு வகை, தேநீர்க்கடை, உணவு விடுதி போன்ற வணிக இடங்களுக்கு வேறு வகை, ஊராட்சிகளின் பொதுப் பெட்டிக்கு இன்னொரு வகை எனப் பிரிவுகள் இருந்தன. சோதனைக்கு அலுவலர் வருவார் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று: வால்வுப் பெட்டி மேசையை நிறைக்கும் அளவுடையது, நல்ல வரவேற்புக்கு வீட்டின்மேல் ஏரியல் கம்பி கட்ட வேண்டியது, தெருவில் நின்று நோக்கினாலே இன்ன வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கட்டணம் செலுத்தியவரின் விருப்பத்துக்கும் ஒலிபரப்பின் போக்குக்கும் இருந்த இடைவெளி 1950களில் வெளிப்பட்டது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், செவ்வியல் இசையை வளர்ப்பதே வானொலியின் கடமை என்ற உறுதியுடன் திரைப்பாடல்களைக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதையும் நிறுத்தியதால், படத் தயாரிப்பாளர்கள் பாடல்களுக்குத் தந்திருந்த இசைவைத் திரும்பப் பெற்றனர். அவருடைய நோக்கத்தில் உயர்வு இருந்தது. கருநாடக, இந்துஸ்தானிக் கலைஞர்கள் பலருக்கு அந்த ஆண்டுகளில் வானொலியே வாழ்வாதாரமும் மேடையும் ஆயிற்று. ஆனால் கேட்பவரின் சுவையைத் திருத்தப்பட வேண்டிய குறையாகவே கருதிய அந்த அணுகுமுறையை ஏற்பதற்கில்லை. கேட்பவர்கள் முறையீடு எழுதிக் காத்திருக்கவில்லை, முள்ளைத் திருப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமை கொழும்பில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பியை உடைமையாகப் பெற்றிருந்த இலங்கை வானொலி, விளம்பர வருவாயில் நடந்த தன் வர்த்தக சேவையால் திரைப்பாடல்களை வழங்கிற்று. இந்தியில் பினாகா கீத்மாலா என்னும் பாடல் நிகழ்ச்சி நாடெங்கும் புகழ்பெற்றது. தமிழில் எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் பாக் நீரிணையைக் கடந்து தமிழக வீடுகளில் குடும்பத்தார் குரல்போல ஒலித்தது. உரிமக் கட்டணம் தில்லிக்குச் சென்றது. செவிகள் கொழும்பில் இருந்தன. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித பாரதி தொடங்கியது, இந்த உண்மையை அரசு காலந்தாழ்ந்து ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

பணம் வாங்கிக்கொண்டு வானொலி எதையும் தரவில்லை என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது பிழையாகும். 1960களின் நடுவில் திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல் வகையைப் பற்றித் தஞ்சை உழவர்களிடம் இடைவிடாமல் எடுத்துச் சொன்னது. உழவர்கள் அந்த வகைக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். அந்தச் செய்தியைக் கேட்க ஒவ்வோர் உழவரும் தனிப் பெட்டியும் உரிமமும் வைத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சாயத்து ரேடியோவும் தேநீர்க்கடைப் பெட்டியும் ஊருக்கே போதுமாயிருந்தன. உரிமப் பேரேட்டில் ஒன்றாகப் பதிவான பெட்டிக்கு எதிரே நூறு பேர் அமர்ந்திருக்கலாம். ஆகவே உரிம எண்ணிக்கையைக் கொண்டு கேட்டவர்களின் தொகையை மதிப்பிடும் ஆய்வுகள், தமிழகச் சிற்றூர்களைப் பொறுத்தவரை, எச்சரிக்கையுடன் படிக்கப்பட வேண்டியவை.

இந்த நடைமுறையை நிலைகுலையச் செய்தது அரசியல் எதிர்ப்பன்று, ஒரு மின்னணு உறுப்பு. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், வால்வின் பணியைச் சூடாகும் இழை இல்லாமல், மிகச் சிறிய இடத்தில், சில மின்கலங்களின் ஆற்றலிலேயே செய்தது. 1960களில் அது இந்தியச் சந்தையில் பரவியபோது, வானொலி மேசையிலிருந்து இறங்கி, மாட்டுவண்டிக்கும் வயல்வரப்புக்கும் சட்டைப்பைக்கும் போயிற்று. ஏரியல் உள்ளேயே அடங்கிவிட்டதால் வெளி அடையாளம் மறைந்தது. முகவரியுடன் பிணைக்கப்பட்டிருந்த உரிமம், நடமாடும் பெட்டிக்கு முன் பொருளற்றதாயிற்று. 1970 வாக்கில் உரிமங்கள் ஒரு கோடியைத் தாண்டியிருந்தன. அத்தனை புத்தகங்களைப் பதிந்து, புதுப்பித்து, தவறியவர்களைத் தேடிப் பிடிக்கும் செலவும் உழைப்பும், விலை குறைந்த பெட்டியிலிருந்து கிடைக்கும் சில ரூபாய்க்கு ஈடாகவில்லை. 1967 நவம்பரில் விவித பாரதியில் விளம்பரங்கள் அனுமதிக்கப்பட்டுவிட்டதால், கேட்பவரிடமிருந்து மட்டுமன்றி வணிகரிடமிருந்தும் வருவாய் வரும் வழி திறந்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் எளிய வகைப் பெட்டிகளுக்கும், நடுப்பகுதியில் எஞ்சிய வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்துக்கும் உரிமக் கட்டணம் நீக்கப்பட்டது.

கட்டணம் போயிற்றே தவிர, அதைத் தாங்கிய சட்டம் போகவில்லை. வானொலிப் பெட்டிக்கு விலக்கு அளித்த பின்னும் 1933ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்து, வாக்கி-டாக்கிக்கும் செயற்கைக்கோள் பேசிக்கும் பயன்பட்டது. உரிய அனுமதியின்றிச் செயற்கைக்கோள் பேசியைக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் இந்திய விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டதும் வழக்குகளைச் சந்தித்ததும் அண்மைக்கால நிகழ்வுகளே. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்கும் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாக நாடாளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது 2023 டிசம்பரில். கம்பியில்லாக் கருவியை உடைமையாக வைத்திருப்பதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்ற கோட்பாடு அந்தப் புதிய சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது.